நான்காவது கம்பியின் பள்ளம்

காலை ஆறு மணி இருபது நிமிடம். பொன்னேரியிலிருந்து வந்த முதல் பஸ் பழவேற்காட்டில் நின்றது. ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது என் தம்பியின் இடது கையை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரைப் பிடித்திருந்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் டம்ளரைச் சுற்றியிருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவனே மடக்கி வைத்திருப்பதாகத் தோன்றும்.

நான் இறங்கியதும் எழுந்து வந்தான். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"கம்பி?"

"கெடைக்கல. பதினஞ்சு நாள் ஆவும்ன்றாங்க."

"எத்தினி கடைல கேட்ட?"

"ரெண்டு மூணு கடைல கேட்டேன்."

நான் கேட்டது ஒரே ஒரு கடையில். அன்று மாலை எனக்குப் பணி இருந்தது. சென்னையில் ஒரு நாளிதழில் அப்போது மெய்ப்புத் திருத்திக்கொண்டும், ஆள் இல்லாத நாட்களில் செய்தி எழுதிக்கொண்டும் இருந்தேன். மவுண்ட் ரோடு பக்கம் இசைக்கருவி விற்கும் முதல் கடைக்குள் நுழைந்தேன், இல்லை என்றார்கள், ஓடிப்போய் பஸ் பிடித்தேன். அவ்வளவுதான்.

எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்துக்கு நடந்தோம். பத்து நாளில் பொன்னேரியில் ஒரு கோயில் திருவிழா. அங்கே அவனுடைய மெல்லிசைக் குழுவின் கச்சேரி. அதில் அவன் சரியாக வாசித்தால் குழுவில் இருப்பான். இல்லாவிட்டால் திருவொற்றியூரிலிருந்து ஒரு பையனை எடுப்பதாக மாஸ்டர் சொல்லிவிட்டார். மாஸ்டர்தான் அந்தக் குழுவை நடத்தியவர். ஆர்மோனியத்தில் தொடங்கி எலக்ட்ரிக் ஆர்கனுக்கு மாறியவர். கெட்டவர் இல்லை. நான்கு மாதம் பாஸ் கிடார் இல்லாமலே சமாளித்து, என் தம்பிக்காகக் காத்திருந்தார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்துக் குப்பங்களில் பாஸ் கிடார் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். சென்னையில் ஒரு மரப்பட்டறையில் செய்த கிடார். சிவப்பு வண்ணம், நான்கு தடித்த கம்பிகள், உள்ளே பொள்ளல் இல்லாத கனத்த உடம்பு. மின்சாரப் பெட்டியில் செருகினால்தான் அது சத்தம் போடும். பெட்டி மாஸ்டர் வீட்டில் இருந்தது. எங்கள் வீட்டில் அப்போது மின் இணைப்பே இல்லை. அதனால் அவன் வீட்டில் வாசிக்கும்போது காதைக் கிடாரின் மேல்விளிம்பில் அழுத்திக்கொண்டு வாசிப்பான். வாசலில் போகிறவர்கள், "இன்னாடா, கட்டைகிட்ட ரகசியம் பேசிகினுகீறியா?" என்பார்கள்.

கை இப்படி ஆனதைச் சொல்ல வேண்டும். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை எங்கள் ஊரில் முறை வைத்துப் பிரித்திருந்தார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முறை வருகிற நாளில் அந்த வீட்டு ஆள் தண்ணீரில் இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் அந்த முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இரண்டு மூன்று முறை அப்படி விட்டால் பட்டியலில் பெயர் நிற்காது. நைனாவுக்கு மூச்சிரைப்பு வந்த பிறகு எங்கள் வீட்டுப் பாடு என் பெயருக்கு மாறியிருந்தது. நான் மூத்தவன். கல்யாணம் ஆனவன். தம்பிக்கு ஆகவில்லை, அதனால் அவன் பெயர் பட்டியலில் இல்லை.

அந்த மார்கழியில் முறை வந்தபோது நான் சென்னையில் இருந்தேன். எனக்குப் பதிலாக அவன் இறங்கினான். விடியற்காலையில் வலையை உதறும்போது, உள்ளே கிடந்த திருக்கை வாலைச் சுழற்றியது. வாலில் இருக்கும் முள் இடது உள்ளங்கையில் இறங்கி மறுபக்கம் வந்தது. கை வீங்கி, பழுத்து, ஆறியது. ஆறிய பிறகு கடைசி இரண்டு விரல்களும் நிமிரவில்லை.

பாஸ் கிடாரில் இடது கையின் நான்கு விரல்களுக்கும் வேலை உண்டு. ஒரு கீழ் ஸா, அதற்குரிய பா, பிறகு மேல் ஸா. பெரும்பாலான பாட்டுகளில் பாஸ் கிடாரின் வேலை இந்த மூன்றுக்குள் போய் வருவதுதான். வழக்கமான சுருதியில் இந்த மூன்றும் கழுத்தில் ஒரே இடத்தில் இல்லை, விரல்களை அகட்டித்தான் பிடிக்க வேண்டும். இரண்டு விரல்களால் எட்டாது. தம்பி இதை மூன்று மாதம் யோசித்திருக்கிறான். கடைசியில் கண்டுபிடித்த வழி எளிமையானது. நான்காவது கம்பியை மட்டும் கொஞ்சம் தளர்த்தி ஒரு முழுச் சுரம் கீழே இறக்கிவிட்டால், அந்த மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிடும். ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் போதும்.

"ஒரு வெரலு போதும்ணா. இன்னொண்ணு மிச்சம் கீது எனக்கு" என்றான், போன தடவை நான் ஊருக்கு வந்திருந்தபோது. அந்த நான்கு மாதத்தில் அவன் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

ஆனால் தளர்த்தினால் கம்பி தொய்ந்து, கழுத்தில் பதித்த உலோகக் கோடுகளில் மோதிக் கடகடத்தது. இன்னும் தடிமனான கம்பி இருந்தால் தளர்த்தியும் விறைப்பாக நிற்கும். அந்தக் கம்பியைத்தான் எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தான். தடித்த கம்பி போடுவதற்கு நட்டையும் அறுக்க வேண்டும் என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தான். நட்டு என்றால் போல்ட்டில் மாட்டுகிற நட்டு இல்லை. கிடாரின் கழுத்து முடிகிற இடத்தில், முறுக்காணிகளுக்குச் சற்று முன்னால், ஒரு வெள்ளை எலும்புத் துண்டு பதித்திருக்கும். சுண்டு விரல் நீளம் இருக்கும். அதில் நான்கு பள்ளங்கள். ஒவ்வொரு கம்பியும் தன் பள்ளத்தில் உட்கார்ந்துதான் முறுக்காணிக்குப் போகிறது. பள்ளம் கம்பிக்குச் சரியாக இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் கம்பி மேலே தூக்கிக்கொள்ளும், அகலமாக இருந்தால் உள்ளே ஆடும்.

வீட்டுக்குள் போனோம். நைனா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் கையைப் பார்த்தார்.

"வாங்கியாரலியா?"

"இல்ல நைனா."

அவர் மறுபடி குனிந்துகொண்டார். தம்பி மூலையில் போய் உட்கார்ந்தான். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அந்த அமைதிதான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன். சுவரில் ஆணியில் தங்கூஸ் சுருள் தொங்கியது. நாங்கள் தூண்டிலுக்கும் வலைக்கும் பயன்படுத்துகிற நைலான் நரம்பு. பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற பொருள். அது மீன் பிடிக்க மட்டும்தான் என்று சென்னையில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அதில் ஆகாத வேலை இல்லை என்று எங்கள் ஊரில் நினைப்போம்.

"நைனா, தங்கூஸ முறுக்கி இதுல கட்னா இன்னா?" என்றேன்.

நைனா சிரித்தார். "மீன் புடிக்கிற நரம்புல பாட்டு கட்டப் போறியா? பேப்பர் ஆபீஸ்ல இதான் கத்துக் குடுத்தாங்களா?"

தம்பி சிரிக்கவில்லை. எழுந்து வந்து சுருளைக் கழற்றி விரல்களுக்கு இடையில் உருட்டிப் பார்த்தான்.

"சாதா கிடார் கீதுல்ல, மைக் முன்னால வச்சு வாசிப்பாங்களே, அதுல நைலான் கம்பி போட்றாங்கண்ணா. நான் பாத்துக்கீறேன். நல்லாத்தான் கேக்கும்."

அவன் சொன்னது உண்மை. அந்த உண்மையே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நைனா அதன் பிறகு கேலி செய்யவில்லை. தடித்த இழைகளாகப் பார்த்து மூன்றை எடுத்தார். ஒரு முனையை வீட்டுத் தூணில் கட்டி, மறுமுனையை ஒரு கட்டைத் துண்டில் பிணைத்து முறுக்கினார். மூன்று பள்ளம் வெட்டிய தக்கையை நடுவில் கொடுத்து அதை நான் பிடித்துக்கொண்டு நடந்தேன். தக்கை நகர நகர, பின்னால் முறுக்கு ஒரே சீராக விழுந்துகொண்டே வந்தது. சைக்கிள் ஸ்போக்கைப் போல ஒன்றரை மடங்கு தடிமன். முடிந்ததும் அதை உத்திரத்தில் கட்டி, கீழே அம்மிக் குழவியைத் தொங்கவிட்டார்.

"ரெண்டு நாளு தொங்கட்டும். நீள்றதெல்லாம் இப்பவே நீண்டுடும். அப்புறம் எறங்காது" என்றார்.

பழவேற்காடு கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். தம்பி அவரிடம் போய் எலிவால் போன்ற சிறிய உருண்டை அரத்தை இரவல் வாங்கிவந்தான். இரண்டு நாள் கழித்து, வெயில் ஏறிய பிறகு, வாசலில் கோரைப் பாயை விரித்து, கிடாரை மடியில் கிடத்தினான். பழைய நான்காவது கம்பியைக் கழற்றிச் சுருட்டி வைத்தான். நட்டின் இருபுறமும் இருந்த மரத்தில் அரம் படாமலிருக்கத் தபால் கார்டை வெட்டி ஒட்டினான். இடது கையின் இரண்டு விரல்களால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அராவினான். பத்து இழுப்பு, ஊதல், முறுக்கை வைத்துப் பார்த்தல். மறுபடி பத்து இழுப்பு. எலும்புத் தூள் அவன் முழங்காலில் வெள்ளையாகப் படிந்தது. கருகிய நகத்தின் வாசனை வந்தது.

ஆழத்தில்தான் அவனுக்குப் பயம் இருந்தது. "அகலம் ஆனாக்கூட சமாளிச்சுக்கலாம். ஆழம் ஆயிட்சுன்னா அவ்ளோதாண்ணா, கம்பி கீழ ஒக்காந்துடும்" என்றான். முதல் உலோகக் கோட்டுக்கும் முறுக்குக்கும் நடுவில் இன்னொரு தபால் கார்டை நுழைத்து இழுத்துப் பார்ப்பான். அது தடங்கலில்லாமல் வர வேண்டும். இரண்டு கார்டு போகக் கூடாது. ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் முறுக்கு பள்ளத்தில் பாதி புதைந்து, பாதி வெளியே தெரிய, இம்மி அசையாமல் உட்கார்ந்தது. அவ்வளவு சுத்தமான வேலையை நான் அச்சகத்திலும் பார்த்ததில்லை.

பழைய இரும்புக் கம்பியை எடுத்து அந்தப் பள்ளத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தான். பெரிய செருப்புக்குள் குழந்தைக் கால் போல அது இங்கும் அங்கும் நகர்ந்தது.

"இனிமே இது ஆவாது" என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை.

பிறகு முறுக்காணியைத் திருகிச் சுருதி கூட்டினான். மூன்றாவது கம்பியையும் நான்காவதையும் சேர்த்துத் தட்டினான். காதை விளிம்பில் வைத்துக் கேட்டான். என்னையும் வைக்கச் சொன்னான். மரத்துக்குள்ளிருந்து கனமான, உருண்டையான சத்தம் வந்தது. பல் எலும்பு வரை வந்தது. நைனாவும் எழுந்து வந்து, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, காதை வைத்தார்.

"கீது" என்றார். "ஆழமா கீது."

அன்று மாலை நான் சென்னைக்குத் திரும்பினேன். மீதி எட்டு நாளும் அவன் காலையிலிருந்து அந்தி வரை வாசித்ததாக நைனா பிறகு சொன்னார். ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்து, இன்னொரு விரலை மிச்சம் வைத்து. கச்சேரியின் இருபத்திரண்டு பாட்டுகளும் அந்தப் புதிய சுருதியில் அவனுக்கு வந்துவிட்டன. மேடையில்தான் காட்ட வேண்டும் என்று, பெட்டி இருந்த மாஸ்டர் வீட்டுப் பக்கமே அவன் போகவில்லை.

திருவிழா அன்று மாலை ஐந்தரை மணிக்கு நான் பொன்னேரியில் மேடைக்கு முன்னால் இருந்தேன். வெளிச்சம் இருந்தது. ஆறரைக்குக் கச்சேரி. ஒவ்வொருவராக வாசித்துச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். இடது கையை யாரும் அதிகம் பார்க்காதபடி திரும்பி நின்று, ஒயரைச் செருகினான். முதல் கம்பியைத் தட்டினான், பெட்டி அதிர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. பிறகு நான்காவது.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி தட்டினான். பெட்டியின் திருகை முழுவதும் திருப்பினான். ஸ்ஸ் என்ற இரைச்சல் மட்டும் கூடியது.

"இன்னாபா, ஒயரு லூசா?" என்றார் மாஸ்டர்.

ஒலிபெருக்கிக்காரர் வந்து ஒயரை மாற்றினார். மூன்று கம்பி பேசியது, நான்காவது பேசவில்லை. டிரம்ஸ்காரன் உள்ளிருந்து குரல் கொடுத்தான். "இன்னா மாமே, கிடாருல ஏரித் தண்ணி பூந்துட்சா?" இரண்டு பேர் சிரித்தார்கள். தம்பியும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தான். பிறகு கிடாரின் விளிம்பில் காதை வைத்து நான்காவதைத் தட்டினான். நிமிர்ந்து கீழே நின்ற என்னைத் தேடிப் பார்த்தான்.

"அண்ணா, இங்க கேக்குதுண்ணா" என்றான்.

மாஸ்டர் கிட்ட வந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"இது இன்னாடா இது? தங்கூசா?"

"ஆமா மாஸ்டர்."

"பழைய கம்பி எங்க?"

"வூட்ல கீது."

வீடு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். கம்பி கையில் இருந்தாலும் அந்தப் பள்ளம் அதைத் தாங்காது. அதை அவன் மாஸ்டரிடம் சொல்லவில்லை. மாஸ்டர் வாட்சைப் பார்த்தார். "மூணுல வாசி" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

கச்சேரி நடந்தது. கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. மேடையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. பாட்டு கீழே இறங்கவேண்டிய இடங்களில் அடியில் ஒன்றுமில்லாமல் போனது. நான் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடங்களிலும் அவன் நான்காவது கம்பியை விடாமல் வாசித்தான். எட்டு நாள் பழகிய கை. ஒரு இடம்கூடத் தவறவில்லை.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் மாஸ்டர் எங்களைப் பார்க்க வந்தார். தம்பியின் தோளில் கை வைத்தார்.

"கை நல்லா ஆவட்டும்பா. அப்புறம் நானே ஆள் அனுப்புறேன்."

"சரி மாஸ்டர்" என்றான்.

பழவேற்காட்டில் இறங்கி, அரத்தைத் திருப்பிக் கொடுக்கப் பாய் கடைக்குப் போனோம். நடந்ததை நான்தான் சொன்னேன். பாய் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிரித்துப் போட்டிருந்த ஒரு ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்து, அதன் அருகில் ஒரு குண்டூசியைக் கொண்டுபோனார். ஊசி ஓடி ஒட்டிக்கொண்டது. தம்பியின் சட்டைப்பையில் மிச்சத் தங்கூஸ் துண்டு இருந்தது. அதை வாங்கிக் காந்தத்தின் மேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது.

"கம்பிக்கு அடில கறுப்பா ஒரு டப்பா கீதுல்ல தம்பி, அது காந்தம். இரும்பு ஆடுனா அதுக்குத் தெரியும். இது எவ்ளோ ஆடுனாலும் தெரியாது. மைக்குனா சத்தத்தக் கேக்கும். இது சத்தத்தக் கேக்கறதில்ல."

"கிடாருக்குனு சொல்லித்தானே பாய் அரம் வாங்கினேன்."

"கம்பி மாத்தறேன்னு சொன்ன. எந்தக் கம்பினு சொல்லலியே. சொல்லியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே, அல்லா."

அவருக்கு எங்களைவிட வருத்தம் இருந்தது. பள்ளத்தைக் கிளிஞ்சல் தூளும் பசையும் குழைத்து அடைத்துவிட்டு, காய்ந்த பிறகு பழைய அளவுக்கு மறுபடி அறுக்கலாம், பொறுமையாகச் செய்தால் வரும் என்றார். தம்பி தலையாட்டினான். அரத்தைத் துடைத்து மேஜையில் வைத்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது, "நான்தான் சொன்னேன் தங்கூஸ்னு" என்றேன்.

"உனக்கும் தெர்ல, எனக்கும் தெர்ல. வுடு." கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தக் கடைங்கள்ல இன்னொரு வாட்டி கேக்கறியா?" என்றான்.

கேட்கிறேன் என்றேன். அடுத்த வாரம் போனேன். முதல் கடையில் இன்னும் வரவில்லை. அதற்குப் பின் தெருவில் இரண்டாவது கடை. நடந்தால் நான்கு நிமிடம். என்ன வேண்டும் என்று சொன்னதும் கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு தட்டையான காகித உறையை எடுத்து வைத்தார். மேலே தூசி இருந்தது.

"வந்து ஆறு மாசம் ஆச்சு சார். இந்தச் சைஸ் யாரும் கேக்கறதில்ல" என்றார்.

ஊருக்குப் போனபோது அதை அவனிடம் கொடுத்தேன். உறையைப் பிரிக்காமல், மேலாக விரலால் தடவித் தடிமன் பார்த்தான். நட்டில் அவன் வெட்டிய பள்ளத்துக்கு அது சரியாக இருந்திருக்கும். அதற்குள் திருவொற்றியூர் பையன் குழுவில் சேர்ந்து இரண்டு கச்சேரி வாசித்துவிட்டான்.

"எங்க கெடச்சுது?"

"அதே கடைலதான். இப்பதான் வந்துச்சாம்."

"ம்" என்றான். உறையைக் கிடார்ப் பைக்குள் வைத்துப் பையைக் கட்டினான். முறுக்கை அதற்கு முன்பே கழற்றியிருந்தான். நைனா அதை நண்டுத் தூண்டிலின் கல்லுக்குக் கட்டியிருந்தார்.

மாஸ்டர் அனுப்புவதாகச் சொன்ன ஆளைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. சித்திரையும் வைகாசியும் திருவிழா மாதங்கள். ஒலிபெருக்கிச் சத்தம் காற்று இருக்கும் நாட்களில் ஏரிக்கு அக்கரையிலிருந்தும் வரும். அவை முடியும் வரை நான் மறுபடி ஊருக்குப் போகவில்லை.

ஆடியில் எங்கள் வீட்டுக்குப் பாடு வந்தது. பட்டியலில் இருந்தது என் பெயர். தண்ணீரில் இறங்கியது அவன்.